எண்ணப்படாத படிகள்

2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 9,64,063 பேர். 2011 கணக்கெடுப்பில் அந்த எண் 1,27,405. பத்தே ஆண்டுகளில் எட்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்துபோனார்கள். அதே பத்தாண்டில் செவித்திறன் குறைந்தவர்களின் எண்ணிக்கை 72,636-இலிருந்து 2,20,241 ஆக, மூன்று மடங்காகப் பெருகியது. தமிழ்நாட்டுக் கண்கள் தெளிந்துவிடவுமில்லை, காதுகள் திடீரென்று அடைத்துக்கொள்ளவுமில்லை. கேள்வித்தாள் மாறியது. 2001-இல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரையும் பார்வைக் குறைபாடு உள்ளவர் என்றே எழுதினார்கள். 2011-இல் அவரை விட்டுவிட்டார்கள். 2001-இல் காதொலிக் கருவி அணிந்தவர் கணக்கில் வரவில்லை, 2011-இல் வந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்ற புதிய பிரிவும் சேர்ந்து சிலரை இடம் மாற்றியது.

ஒரு மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் தொகை 16.42 லட்சத்திலிருந்து 11.79 லட்சமாகக் குறைந்ததாகத் தோன்றிய கதை இதுதான். ஒருவரின் காலில் பாதிப்பு எத்தனை விழுக்காடு என்று மருத்துவக் குழு அளந்து சான்று தருகிறது. அவர் வேலைக்குப் போக ஏறவேண்டிய கட்டடத்துக்கு எத்தனை படிகள் என்பதை எழுதிவைக்கும் பதிவேடு அரிது. எண்ணிக்கை, வேலைவாய்ப்பு, சட்டம், பணியிடம், சிறுதொழில் என்று எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நாம் வந்து முட்டி நிற்கும் இடம் இதுவே. உடலை அளந்தோம், உடல் போய்ச் சேரவேண்டிய இடத்தை அளக்கவில்லை.

எண்ணிக்கையின் வரலாறு

இந்தியாவில் குறைபாடுகளை எண்ணும் பழக்கம் 1872-இல் ஆங்கிலேயர் நடத்திய முதல் கணக்கெடுப்போடு தொடங்கியது. மனநோய் உள்ளவர், காதுகேளாத வாய்பேசாதவர், பார்வையற்றவர், தொழுநோயாளி என்று நான்கு வகையினரை 1931 வரை எண்ணிவந்தார்கள். 1941-இல் அந்தக் கேள்வி கைவிடப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் நீண்டகாலம் அது திரும்பவில்லை. ஐ.நா. சபை 1981-ஐச் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்ததால் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒருமுறை தலைகாட்டியது. 1991-இல் மறுபடி காணாமல் போனது. 2001-இல் அது திரும்பி வந்தது மாற்றுத்திறனாளிகளின் போராட்டத்தால். தேசிய அளவில் அதற்காக வாதாடியவர்களில் ஜாவேத் அபிதி முக்கியமானவர்.

2011 கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடிப் பேரைக் கண்டது, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. 2018-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆம் சுற்றும் 2.2 விழுக்காடு என்றே சொன்னது. ஆனால் பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை 2012-இல் நடத்திய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமம் இருப்பது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை உலக மக்களில் 16 விழுக்காடு, அதாவது 130 கோடிப் பேர் என்கிறது. நீரிணையின் இரு கரையிலும் வாழும் மனிதர்களின் உடல் இவ்வளவு வேறுபட வாய்ப்பில்லை. வேறுபட்டது கேட்ட விதம்.

வாஷிங்டன் குழு என்று அறியப்படும் ஐ.நா. புள்ளியியல் குழு ஆறு எளிய கேள்விகளை வகுத்திருக்கிறது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது, பிறரோடு பேசிப் புரியவைப்பது ஆகிய ஆறிலும் சிரமம் உண்டா என்று அவை கேட்கின்றன. பதில்கள் நான்கு: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், அதிகச் சிரமம், முடியவே முடியாது. நம் வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர், வீட்டில் ஊனமுற்றவர் யாரேனும் உண்டா என்று கேட்கிறார். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அண்ணனின் மனநோயைச் சொல்லமாட்டார்கள். சர்க்கரை நோயால் பாதம் இழந்த தாத்தாவையும் பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த அத்தையையும் கேட்டால், "வயசாயிடுச்சு" என்று சொல்வார்களே தவிர ஊனம் என்று சொல்லமாட்டார்கள். 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருப்பர் என்று அரசின் மக்கள்தொகை மதிப்பீடு கணித்திருந்தது. இவ்வளவு வேகமாக மூப்படையும் மாநிலத்தில் குறைபாடு குறைந்துகொண்டே வருவதாக ஒரு புள்ளிவிவரம் சொன்னால், சந்தேகப்படவேண்டியது புள்ளிவிவரத்தைத்தான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாட்டின் வகைகளை ஏழிலிருந்து 21 ஆக விரித்தது. அந்த விரிவை எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இன்னும் வெளிக்கொண்டு வரவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இடம்பெற்ற ஊனம் பற்றிய கேள்வி ஆறாம் சுற்றில் நீக்கப்பட்டபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் கொதித்தெழுந்ததன் காரணம் இதுதான். கணக்கில் விழாதவருக்காகத் திட்டமோ நிதியோ வருவதில்லை.

வேலை தேடுவதை நிறுத்தியவர்கள்

2011 கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகளில் 36 விழுக்காட்டினர் ஏதாவது வேலை செய்தார்கள். ஆண்களில் 47 விழுக்காடு, பெண்களில் 23. குறைபாட்டோடு பெண் என்பதும் சேரும்போது வாய்ப்பு பாதியாகிவிடுகிறது. மகனுக்கு மூன்று சக்கர வண்டி வாங்கக் கடன் படும் குடும்பம், மகளை வெளியே அனுப்பத் தயங்குகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் அவள் வீட்டுக்குள்ளேயே நின்றுபோகிறாள்.

2018 மாதிரி ஆய்வின் எண்கள் கவனமாகப் படிக்கவேண்டியவை. 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 23.8 விழுக்காடு மட்டுமே. அவர்களுக்குள் வேலையின்மை விகிதம் 4.2 விழுக்காடு. முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாம் எண்ணை மட்டும் படித்தால் நிலைமை நன்றாக இருப்பதுபோல் தோன்றும். வேலையின்மை விகிதம் வேலை தேடுபவரை மட்டுமே எண்ணுகிறது என்பதை மறக்கக்கூடாது. நூற்றுக்கு எழுபத்தாறு பேர் வேலை செய்யவுமில்லை, தேடவுமில்லை. முதியவர்கள், கடும் பாதிப்பு உள்ளவர்கள், மாணவர்கள் அதில் உண்டு. ஆனால் ஐந்தாறு நேர்காணலுக்குப் போய், வாசலிலேயே முகம் மாறுவதைப் பார்த்துத் திரும்பி, இனிப் போவதில்லை என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்த விகிதத்திலும் இடமில்லை.

அதே ஆய்வில், ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறிவு பெற்றவர் 52.2 விழுக்காடு. ஊனச் சான்றிதழ் வைத்திருந்தவர்களோ மொத்தத்தில் 28.8 விழுக்காடு. இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அந்தச் சான்றுதான் திறவுகோல். அதில் நாற்பது விழுக்காடு என்ற கோட்டைத் தாண்டியிருக்கவேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மூன்று சக்கர வண்டியிலும் தாயின் இடுப்பிலும் வந்தவர்கள் மனுவோடு காத்திருப்பார்கள். மருத்துவக் குழு கூடும் நாள் ஒன்று, புகைப்படத்துக்கு ஒரு நாள், தேசிய அடையாள அட்டைக்கு இன்னொரு நாள். துணைக்கு வந்தவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. வேலை தேடுவதற்கு முன்பே, வேலை தேடும் தகுதி தனக்கு உண்டு என்று நிரூபிக்க அவர்கள் செலவழிக்கும் உழைப்பு இது.

சட்டம் வந்த வழி

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காட்டை ஒதுக்கியது: பார்வை, செவி, கை கால் இயக்கம் ஆகிய மூன்றுக்கும் தலா ஒன்று. ஆனால் எந்தப் பணி யாருக்குப் பொருந்தும் என்று முதலில் அடையாளம் காணவேண்டும் என்ற விதி வந்து வழியை அடைத்தது. அடையாளம் காணப்பட்ட பணிகளில் மட்டும் 3 விழுக்காட்டைக் கணக்கிட்டதால் ஒதுக்கீடு சுருங்கியது. 2013 அக்டோபரில் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடர்ந்த வழக்கில், மொத்தப் பணியிடங்களின் அடிப்படையிலேயே கணக்கிடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆன பிறகு!

இதற்கிடையே ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா ஏற்றது. அதன் வழியே பிறந்ததுதான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்கும் பங்கு கிடைத்தது இதில்தான். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் அரசு நிறுவனம் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும். பணிக்காலத்தில் காயமுற்று ஒரு காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் 2003-லேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய பாதுகாப்பு இது.

இச்சட்டத்தின் உயிர்நாடி நியாயமான தகவமைப்பு என்ற கருத்து. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பணிபுரியத் தேவையான மாற்றத்தை, நிறுவனத்தால் தாங்கமுடியாத சுமை ஆகாதவரை, செய்துதரவேண்டும். அதை மறுப்பதே பாகுபாடு என்று சட்டம் வரையறுக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு, அவருடைய குறைபாடு நாற்பது விழுக்காட்டை எட்டவில்லை என்பதால் தேர்வெழுத உதவும் எழுத்தர் மறுக்கப்பட்டார். விகாஸ் குமார் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தவறு என்றது. ஒதுக்கீட்டுக்குத்தான் நாற்பது விழுக்காடு வேண்டும், தகவமைப்பு ஒவ்வொருவருக்கும் உரியது என்ற வேறுபாடு அங்கே பிறந்தது. 2025 மார்ச்சில், பார்வையற்றவர் என்பதாலேயே நீதித்துறைப் பணிக்கு ஒருவரைத் தகுதியற்றவராக்க முடியாது என்றும் தீர்ப்பு வந்தது. மத்தியப் பிரதேசத்தில் அந்த வாய்ப்பை மறுத்த விதி நீக்கப்பட்டது.

நீதிமன்றம் இவ்வளவு தூரம் வந்திருக்க, நிர்வாகத்தின் சிந்தனை பழைய இடத்திலேயே நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று 2021 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த பட்டியலில் 3,566 பணிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே உட்காரவேண்டும், நடக்கவேண்டும், பார்க்கவேண்டும், கேட்கவேண்டும் என்று உடலின் தேவைகள் குறிக்கப்பட்டுள்ளன. பட்டியல் நீள்வது நல்லதே. ஆனால் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் இருந்தால் பார்க்காமலே படிக்கலாமா, மேசையை மாற்றினால் நிற்காமலே செய்யலாமா என்ற கேள்வி அதன் அடித்தளத்தில் இல்லை. கருவி மாறும்போது வேலையின் தேவையும் மாறும். உடலை மட்டும் பார்த்து எழுதும் பட்டியல் அதைத் தவறவிடும்.

தனியார் துறையில் ஒதுக்கீடு கிடையாது. பணியாளர்களில் 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருந்தால் ஊக்கத்தொகை தரலாம் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. சமவாய்ப்புக் கொள்கையை எல்லா நிறுவனங்களும் வெளியிடவேண்டும். குறைந்தது இருபது பேர் உள்ளவை அதில் வசதிகளையும் பொருத்தமான பணிகளையும் விவரிக்கவேண்டும். ஜெர்மனியில் குறைந்தது இருபது பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் 5 விழுக்காட்டு இடங்களைக் கடும் ஊனமுற்றோருக்குத் தரவேண்டும், தவறினால் ஈடுகட்டும் தொகை செலுத்தவேண்டும். அந்தத் தொகையே பணியிடங்களில் செய்யும் மாற்றங்களுக்குப் பயன்படுகிறது. இங்கே பங்குச் சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் மாற்றுத்திறனாளிப் பணியாளர் எண்ணிக்கையையும் கட்டடங்களின் அணுகல் நிலையையும் ஆண்டறிக்கையில் சொல்லவேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்திருக்கிறது. பணியிடத்தையும் அளக்கத் தொடங்கிய அரிய முயற்சி இது.

வாசலிலிருந்து மேசை வரை

தடை பெரும்பாலும் நேர்காணலுக்கு முன்பே தொடங்குகிறது. தாழ்தளமில்லாத பேருந்து, சாய்தளமில்லாத வாசல், சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறைக் கதவு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வேலை கிடைத்தவரால் வேலையில் நிலைக்கமுடியாது. கழிப்பறை இல்லாததால் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்களின் சிறுநீரகம் படும் பாடு எந்த ஆண்டறிக்கையிலும் வராது. அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரையாகவே கிடப்பதைக் கண்டித்து, அவற்றைக் கட்டாய விதிகளாக்கவேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதற்குக் காரணம் இந்த அன்றாடத் துயரங்களே.

பார்வையற்றவர்களுக்கு ஒருகாலத்தில் நாற்காலி பின்னுதலும் மெழுகுவத்தி செய்தலும் தொலைபேசி இணைப்பாளர் வேலையும்தான் என்று இருந்தது. திரைவாசிப்பான் மென்பொருள் அந்தச் சுவரை இடித்தது. என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை 2006-இல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பார்வையற்ற இளைஞர்கள். அது இலவசம், தமிழையும் படிக்கும். ஆனால் தமிழுக்கென்று ஒரு தனித் தடை இருக்கிறது. பல்லாண்டுகளாக அலுவலகங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து குவித்த கோப்புகள், திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே கேட்கும். 2010-லேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் கையெழுத்திட்ட தாளை அப்படியே படம்பிடித்து ஏற்றும் வழக்கம் நீடிக்கிறது. படத்துக்குள் அடைபட்ட சுற்றறிக்கை, பார்வையற்ற ஊழியருக்கு வெற்றுத்தாள். இந்தத் தடையை நீக்க ஆகும் செலவு, தட்டச்சு செய்பவர் ஒருவரின் கவனம் மட்டுமே.

காது கேளாதவரைத் தொலைபேசியில் நேர்காணலுக்கு அழைப்பது, சைகை மொழி பெயர்ப்பாளர் இல்லாமல் ஊழியர் கூட்டம் நடத்துவது, மனநலச் சிகிச்சைக்கு மாதம் ஒரு நாள் விடுப்புக் கேட்டவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது ஆகியவையும் படிகள்தான். கண்ணுக்குத் தெரியாத படிகள். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணியிடத்தில் செய்யும் மாற்றங்கள் பற்றி அமெரிக்காவில் முதலாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் ஆய்வில், ஏறக்குறையப் பாதி மாற்றங்களுக்குச் செலவே ஆகவில்லை என்று தெரிந்திருக்கிறது. நேரம் மாற்றுவது, இருக்கை மாற்றுவது, சொல்வதை எழுதித் தருவது போன்றவையே அவை.

முடியும் என்பதற்குச் சான்றுகள் நம் அருகிலேயே உண்டு. ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை, தொடக்க காலத்திலிருந்தே காது கேளாதவர்களையும் கால் பாதிப்பு உள்ளவர்களையும் நுட்பமான பொருத்தும் வேலையில் அமர்த்திவந்திருக்கிறது. லெமன் ட்ரீ விடுதிகள் 2007-இல் காது கேளாத இருவரோடு தொடங்கி, பல பிரிவுகளில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்தன. சென்னையின் எபிலிட்டி பவுண்டேஷன் 2004 முதல் நடத்திய வேலைவாய்ப்பு முகாம்கள், மாற்றுத்திறனாளிகளையும் நிறுவனங்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்தன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். கிராமத்திலேயே பள்ளியும் தொழிற்பயிற்சியும் சிகிச்சையும் தரும் நிறுவனமாக அது வளர்ந்தது. இவற்றில் எல்லாம் பொதுவாக இருப்பது ஒன்று: வேலையை எப்படிப் பிரித்து அடுக்கினால் இவரால் செய்யமுடியும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

பெட்டிக்கடைப் பொருளாதாரம்

ஒதுக்கீடும் சமவாய்ப்புக் கொள்கையும் எட்டாத பரப்பில்தான் பெரும்பாலான மாற்றுத்திறனாளிகள் பிழைக்கிறார்கள். விவசாயக் கூலி, தையல், பெட்டிக்கடை, ஆவின் பாலகம், புறநகர் ரயிலில் கடலைமிட்டாயும் ஊதுவத்தியும் விற்பது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பொதுத் தொலைபேசிக் கூண்டுகளை ஒதுக்குவதில் அவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பேருந்து நிலையத்து மூலையில் மஞ்சள் பெயர்ப்பலகையோடு ஒரு கூண்டும், அதற்குள் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்து அமர்ந்திருக்கும் உரிமையாளரும் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் காணக்கிடைத்த காட்சி. கைப்பேசி பரவியபோது சில ஆண்டுகளுக்குள் அந்தக் கூண்டுகள் அழிந்தன. அவற்றோடு ஒரு தலைமுறையின் சம்பாத்தியமும் சுயமரியாதையும் சேர்ந்து போயின. அவர்களுக்கு மாற்றுத் தொழில் தரவேண்டும் என்று ஒரு பெரிய திட்டம் எழவில்லை. ஒரே வகைத் தொழிலுக்குள் ஒரு மக்கள் பிரிவை அடைப்பதன் ஆபத்தை அந்தக் கூண்டுகள் கற்பித்துச் சென்றன.

இதே பரப்பில்தான் நல்ல முன்மாதிரி ஒன்றும் பிறந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அளவுகோல் வகுத்து 2012-இல் தமிழக அரசு பிறப்பித்த அரசாணை 52, நான்கு மணிநேர வேலைக்கு முழுக் கூலி என்று ஏற்றது. மண் வெட்ட முடியாதவர் தண்ணீர் கொடுக்கலாம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம், கன்றுகளுக்கு நீர் ஊற்றலாம். நடைமுறையில் பல ஊர்களில் அதற்காகப் போராடவேண்டியிருந்தது என்றாலும், வேலையை மனிதருக்கேற்ப மாற்றலாம் என்று ஓர் அரசாணையே ஒப்புக்கொண்டது சாதாரணமல்ல. குளக்கரையில் செய்யமுடிந்ததைக் குளிரூட்டிய அலுவலகத்தில் செய்யமுடியாது என்பதை ஏற்க முடியவில்லை.

கேள்வியைத் திருப்பினால்

ஊனமுற்றோர் என்ற சொல் போய் மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்தது மு. கருணாநிதி முதல்வராக இருந்த காலத்தில். 2010-இல் தனித் துறையும் அமைந்தது. சொல் மாறியதில் மரியாதை கிடைத்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழகச் சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியபோது குரலும் கிடைத்தது. அடுத்து கிடைக்கவேண்டியது அளவுகோல்.

வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் முதல் நாளைக் குறிநாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளர் செயற்பாட்டுச் சிரமத்தைக் கேட்கப் பயிற்சி பெறவேண்டும். அது முதல் தேவை. இரண்டாவது, வாஷிங்டன் குழுவின் அந்த ஆறு கேள்விகளையும் நான்கு பதில்களையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பணியிடத்தின் வாசலிலும் போய் நிற்கவேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் யார் துணையுமின்றி உள்ளே வரமுடியுமா? பார்க்காமலே உங்கள் கோப்பைப் படிக்கமுடியுமா? கேட்காமலே உங்கள் கூட்டத்தில் பங்கெடுக்கமுடியுமா? மறதியோ பதற்றமோ உள்ளவருக்கு வேலையைப் படிப்படியாக எழுதித் தருகிறீர்களா? ஒரு பெண் ஊழியர் தன்னந்தனியாகக் கழிப்பறைக்குப் போய்வர முடியுமா? தன் தேவையைத் தயக்கமின்றிச் சொல்ல இங்கே ஓர் ஆள் இருக்கிறாரா? சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், அதிகச் சிரமம், முடியவே முடியாது. இந்த நான்கில் எது பதிலோ, அதுதான் அந்த நிறுவனத்தின் ஊன விழுக்காடு.

இத்தனை ஆண்டுகளாக மனிதர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து வந்திருக்கிறோம். கட்டடங்களும் கோப்புகளும் கூட்டங்களும் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் காலம் வரட்டும். வாசலில் உள்ள மூன்று படிகளை எண்ண மருத்துவக் குழு எதுவும் தேவையில்லை. நாளைக் காலை வேலைக்குப் போகும்போது நாமே எண்ணிவிடலாம்.